நோய்ப்பெயர் இல்லாத மருந்துச் சீட்டு: ஒரு புள்ளிவிவரத்தின் மறுவாசிப்பு

அமெரிக்காவில் மனநல மருத்துவரல்லாதோர் மனச்சோர்வு மருந்துகளை எழுதுவது பற்றிய விவாதத்தில் ஓர் எண் அசையாமல் நிலைபெற்றுவிட்டது. அம்மருந்து பதிவான சந்திப்புகளில் மனநோய் எதுவும் குறிக்கப்படாதவை 1996இல் 59.5 விழுக்காடு, 2007இல் 72.7 விழுக்காடு. பொது மருத்துவர்கள் நோயை அறியாமலே மருந்தை அள்ளித் தருகிறார்கள் என்று முந்தைய ஆய்வுப்போக்கு இதற்குப் பொருள் கொண்டது. எண்ணில் பிழையில்லை. அது அளப்பது மருத்துவரின் நோயறிதலையா, படிவத்தின் இடவசதியையா என்பதே கேள்வி.

அவ்வெண் தேசியப் புறநோயாளர் மருத்துவக் கணக்கெடுப்பிலிருந்து பெறப்பட்டது. அக்காலப் படிவத்தில் ஒரு சந்திப்புக்கு மூன்று நோய்ப்பெயர்களுக்கே இடமிருந்தது. மருந்துகளுக்கோ 2002 வரை ஆறு இடங்கள், 2003 முதல் எட்டு. புதிதாக எழுதியவை மட்டுமன்றி, முன்பிருந்தே தொடர்பவையும் மருந்துப் பட்டியலில் சேரும். நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டுவலி ஆகியவற்றுக்காக வரும் ஒருவர் பல ஆண்டுகளாகச் செர்ட்ராலின் என்னும் மனச்சோர்வு மருந்தை உட்கொள்பவர் எனக் கொள்வோம். நோய்க்கான மூன்று இடங்களும் நிரம்பிவிடும். செர்ட்ராலின் மட்டும் பதிவாகும். கணக்கில் இது 'நோயறியாமல் தந்த மருந்து'. நோய்க்கான இடம் கூடாமல் மருந்துக்கான இடம் மட்டும் கூடினால், எந்த மருத்துவரும் தம் வழக்கத்தை மாற்றாமலே இவ்விகிதம் உயரக்கூடும். உயர்வு முழுவதும் இப்படி வந்ததென்று கூறுவது மிகை. இதை ஒதுக்கிவிட்டு விகிதத்தை வாசிப்பது அதைவிடப் பெரிய மிகை.

2005இல் அப்படிவத்தில் மனச்சோர்வு உண்டா என்பதற்குத் தனிக் கட்டம் சேர்ந்தது. மூன்று இடங்கள் போதவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் இக்காலம் முழுவதும் அக்கட்டம் தொடர்ச்சியாக இல்லாததால் இப்போக்கை அதைக்கொண்டு திருத்த இயலாது.

மருந்துக்கான காரணத்தைக் கட்டாயம் குறிக்கச் செய்தால் என்ன தெரியவரும்? கனடாவின் கியூபெக்கில் 2006 முதல் 2015 வரை, காரணம் குறிப்பதைக் கட்டாயமாக்கிய மின்னணுச் சீட்டு வழியே முதல்நிலை மருத்துவர்கள் எழுதிய ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மனச்சோர்வு மருந்துச் சீட்டுகளில் மனச்சோர்வுக்கானவை சுமார் 55 விழுக்காடு. பதற்ற நோய்களுக்கு 18.5, பீதி நோய்க்கு 4.1. ஆக, முக்கால் பங்குக்கும் மேல் மனநோய்க் காரணங்களே. அமெரிக்கக் கணக்கில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவானவற்றில் மனநோய்க் குறிப்பே இல்லை. நாடும் காலமும் பதிவுமுறையும் வேறு என்பதை ஏற்கிறேன். ஆயினும் இரு நாட்டு மருத்துவர்களும் இத்தனை தலைகீழாக நடந்துகொள்கிறார்கள் என நம்புவதைவிட, இரு படிவங்கள் வேறு வேறானவற்றை அளக்கின்றன என்பதே பொருத்தமானது.

களங்கத்துக்கு அஞ்சி மருத்துவர்கள் நோய்ப்பெயரை மறைக்கிறார்கள் என்பர். அப்படியானால் அவர்கள் நோயை அறிந்தே இருக்கிறார்கள். வாதம் என் பக்கமே சாய்கிறது. மருந்து விளம்பரங்களைச் சுட்டுவோரும் உண்டு. விளம்பரம் எண்ணிக்கையை உயர்த்தலாம். படிவத்தில் நோய்ப்பெயரை அழிக்காது.

அமெரிக்காவில் அதே காலத்தில் மனநல மருத்துவரல்லாதோரிடம் நடந்த சந்திப்புகளில் இம்மருந்துகள் இடம்பெற்றவை 4.1 விழுக்காட்டிலிருந்து 8.8 ஆக உயர்ந்தது மெய். கியூபெக்கில் தூக்கமின்மைக்கு 10.2, வலிக்கு 6.1 விழுக்காடு எழுதப்பட்டதும் மெய். தூக்கத்துக்கு டிராசோடோன் என்னும் மனச்சோர்வு மருந்தைத் தருவதற்குச் சான்று வலுவற்றது. கண்டனம் அங்கே செல்லட்டும். மருந்துச் சீட்டில் காரணம் எழுதுவதைக் கட்டாயமாக்கும் வரை, 72.7 என்ற எண்ணை மருத்துவரின் அசட்டைக்குச் சான்றாகக் காட்டுவது தகாது.