பம்புஷ்கா

பம்புஷ்கா, உக்ரைனியர் போர்ஷ் எனும் பீட்ரூட் சூப்புடன் உண்ணும் சிறு பூண்டு ரொட்டி. ஈஸ்ட் சேர்த்துப் பொங்கவைத்த கோதுமை மாவைப் பெரிய எலுமிச்சை அளவு உருண்டைகளாக்கி, வட்டத் தட்டில் நெருக்கி வைத்துச் சுடுவர். வேகும்போது அவை உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வீட்டார் சுற்றி அமர்ந்து ஆளுக்கொன்றாகப் பிய்த்துக்கொள்வது வழக்கம்.

வேகவைத்தது, பொரித்தது, சுட்டது என இதில் மூன்று வகை உண்டு. கோதுமைக்கு உறவுத் தானியமான ரை, பக்வீட் ஆகியவற்றின் மாவை உருட்டி வெந்நீரில் வேகவைத்துப் பூண்டுச் சாறு ஊற்றுவது பழைய முறை. பொரித்தது இனிப்புப் பண்டம். மேற்கு உக்ரைனின் லிவிவ் நகரில் ரோஜா இதழ் ஜாமோ கசகசாவோ பூரணமாக வைத்து, கிறிஸ்துமஸ் காலத்தில் செய்வார்கள். பம்புஷ்கா ஜெர்மானியரிடமிருந்து வந்தது என்போர் உண்டு. பெயருக்கு அது பொருந்தும்.

பூண்டுச் சாற்றில் வெண்ணெய் இல்லாததற்குச் சமயம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவரின் நீண்ட நோன்புகளில் பாலும் வெண்ணெயும் விலக்கு. அதனால் சணல் வகை விதையெண்ணெயும் ஆளிவிதை எண்ணெயும் புழங்கின. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சூரியகாந்தி நெடுங்காலம் தோட்டத்துப் பூவாகவே இருந்தது. 1829இல் அலெக்சேயெவ்கா என்ற ஊரின் பண்ணையடிமை தனிலா பொக்கரேவ், அதன் விதையைக் கைச்செக்கில் ஆட்டி எண்ணெய் எடுத்தார். 1833இல் அங்கே எண்ணெய் ஆலையே எழுந்தது. ஓர் அடிமையின் கைவேலை ஒரு நாட்டின் சமையல் மணத்தையே மாற்றியது பெரிய சாதனை. இன்று பம்புஷ்காவுக்குச் சூரியகாந்தி எண்ணெய்தான், அதுவும் வறுத்த விதையில் எடுத்த மணமுள்ள எண்ணெய் கிடைத்தால் மிகச் சிறப்பு.

வீட்டில் செய்ய அரை கிலோ மைதா, 300 மில்லி வெதுவெதுப்பான பால், 7 கிராம் உலர் ஈஸ்ட், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உப்பு, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் போதும். பத்து நிமிடம் அடித்துப் பிசைந்து, மூடிவைத்தால் ஒரு மணி நேரத்தில் மாவு இரு மடங்காகும். உருட்டித் தட்டில் அடுக்கி மேலும் அரை மணி விட்டு, மேலே முட்டை தடவி, 180 டிகிரி செல்சியசில் 20 முதல் 25 நிமிடம் சுட வேண்டும்.

அது வேகும் நேரத்தில் சாற்றைத் தயாரிக்கலாம். ஐந்தாறு பூண்டுப் பற்களைக் கல்லுப்புடன் மகித்ராவில் அரைப்பார்கள். மகித்ரா, உட்புறம் வரிவரியாகக் கீறிய மண்சட்டி. நம் கீரை கடையும் சட்டியைப் போன்றது. விழுதில் எண்ணெய், சிறிது தண்ணீர், நறுக்கிய சோயிக்கீரை சேரும். தட்டு அடுப்பைவிட்டு இறங்கியதும், சூடு தணியுமுன் இதை மேலே ஊற்றித் துணியால் மூடுவர்.

பூண்டைப் பச்சையாக, கடைசியில் சேர்ப்பதே இதன் உயிர்நாடி. பூண்டை நசுக்கும்போதுதான் அதிலுள்ள நொதி வேலைசெய்து, காரமான அல்லிசினை உண்டாக்குகிறது. அடுப்பு வெப்பத்தில் அந்தக் காரம் அடங்கிவிடும். பச்சைப் பூண்டை மாவிலேயே கலந்தால் ஈஸ்ட் மந்தமாகி ரொட்டி சரியாக எழாது. பூண்டு தடவியபின் சுடும் முறையில் கிடைப்பது வேறொரு பண்டம். அதைப் பம்புஷ்கா என்று சொல்லக் கூடாது.

உக்ரைனின் போர்ஷ் சமையல் மரபை யுனெஸ்கோ, 2022 ஜூலை 1 அன்று உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. இப்போது பம்புஷ்கா உக்ரைனில் கடைகளிலும் உணவகங்களிலும் கிடைக்கிறது.