கரிசல் நாட்டுக் கூடாரம்



ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் நம் நினைவில் எழுவது வடபெருங்கோயிலின் 11 நிலைக் கோபுரம். பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த ஊர் அது. ஆடிப்பூரத்தன்று பெரிய தேர் அசைந்து வரும் வீதிகளை உடையது. அதற்குத் தெற்கே ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில், மேற்கு மலைத் தொடரின் அடியில் அமைந்திருப்பது ராஜபாளையம். அது பஞ்சாலைகளால் பெயர் பெற்றது. இன்று இவ்விரண்டு ஊர்களும் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1910ஆம் ஆண்டில் இராமநாதபுரம் ஜில்லா உருவாவதற்கு முன்போ, இவை திருநெல்வேலிச் சீமையின் வடபகுதியாக இருந்தன. ஆங்கிலேயர் எழுதிய பழைய நூல்கள் இப்பகுதியை 'வட திருநெல்வேலி' என்றே குறிக்கின்றன.

இந்த வட திருநெல்வேலியில் 1854ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த மூன்று வெள்ளையர் கூடாரங்களில் தங்கி, ஊர் ஊராகச் சென்று தம் சமயத்தைப் பரப்ப முயன்றனர். அவர்களுடைய வாழ்க்கையையும் முயற்சியையும் பற்றி இன்று சிறிது சிந்திப்போம். அவர்கள் எத்தனை பேரைத் தம் சமயத்தில் சேர்த்தார்கள் என்பதன்று நம் கேள்வி. ஆளும் இனத்தைச் சேர்ந்த ஓர் அயலார், ஆளப்படும் மக்களிடையே விருந்தினராக வாழ இயலுமா? தோழராக ஆக இயலுமா? இதுவே நம் கேள்வி.

முதலில் பின்னணியை அறிதல் வேண்டும். கரிசல் நாட்டு மக்களுக்கு மேனாட்டுக் குருமார் புதியவர் அல்லர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, வீரமாமுனிவர் என்று நாம் போற்றும் இத்தாலிய நாட்டுப் பெஸ்கி பாதிரியார், கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியில் தொண்டாற்றினார். அவர் தமிழ்த் துறவியின் கோலம் பூண்டு, தமிழ்ப் புலவராகவே மாறிப் போனவர். ஆனால் அவர் காலத்தில் இந்நாடு ஐரோப்பியர் ஆட்சியில் இல்லை. 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி திருநெல்வேலிச் சீமையின் முழு ஆட்சியையும் ஏற்றுக் கொண்டபின் நிலைமை மாறியது. அதன்பின் வந்த வெள்ளையர் எவராயினும், அவர் விரும்பினும் விரும்பாவிடினும், ஆட்சியின் நிழல் அவர்மேல் படிந்தே இருந்தது.

சர்ச் மிஷனரி சங்கம் என்பது 1799இல் இலண்டனில் தோன்றிய அமைப்பு. அதன் சார்பில் இரேனியுஸ் என்னும் ஜெர்மானியர் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். அவர் காலத்திலும் அவருக்குப் பின்னும் திருநெல்வேலியின் தென்பகுதியில், பனைகள் செறிந்த செம்மண் தேரிக் காட்டில், குடும்பம் குடும்பமாகவும் ஊர் ஊராகவும் மக்கள் கிறிஸ்தவராயினர். அதற்கு முன்பே, 1799இல், முதலூர் என்னும் கிறிஸ்தவக் குடியிருப்பு அங்கே தோன்றியிருந்தது. நாளடைவில் அப்பகுதியில் கோயில், பள்ளிக்கூடம், பங்களா என்னும் மூன்றும் ஓரிடத்தே அமைந்த நிலையங்கள் பல எழுந்தன.

இத்தகைய நிலையங்களால் கல்வி வளர்ந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் பங்களாவில் வாழ்ந்த மிஷனரிக்குச் சமய குருவின் வேலையோடு வேறு பல வேலைகளும் வந்து சேர்ந்தன. ஊர் வழக்கைக் கேட்பவர் அவர். கலெக்டருக்கு மனு எழுதிக் கொடுப்பவர் அவர். உபதேசியாருக்கும் ஆசிரியருக்கும் சம்பளம் அளிப்பவரும் அவரே. அன்பினால் செய்தாரேனும் அவர் கையில் அதிகாரம் இருந்தது. அதிகாரம் உள்ளவரிடம் மக்கள் உள்ளத்தைத் திறந்து பேசுவது அரிது.

இந்நிலையை மாற்ற வேறொரு வழியை வகுத்தவர் தாமஸ் கஜெட்டான் ராக்லாந்து. இவர் 1815ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் ஜிப்ரால்டரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்துக் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் பயின்று, 1841இல் கணிதச் சிறப்புத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். அக்காலத்தில் அத்தேர்வில் முன்னிடம் பெறுவது பெரும் புகழ் தருவதாகும். அக்கல்லூரியிலேயே உறுப்பினர் பதவியும் கிடைத்தது. வாழ்நாள் முழுவதும் நூல்களுக்கிடையே அமைதியாக வாழ்ந்திருக்கலாம். ஆயினும் அவர் சர்ச் மிஷனரி சங்கத்தில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். அச்சங்கத்தின் சென்னை அலுவலகச் செயலாளராகப் பணிபுரிந்தார்.

செயலாளர் என்ற முறையில் திருநெல்வேலியைச் சுற்றிப் பார்த்த ராக்லாந்து, ஓர் உண்மையைக் கண்டார். தெற்கே நிலையங்கள் நெருங்கி இருந்தன. வடக்கே, சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஆகிய ஊர்களைச் சுற்றிய பெரும் பரப்பிலோ சங்கத்தின் பணி ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். இங்கு நிலையம் கட்டி அமர்வதைவிடக் கூடாரத்தோடு அலைவதே தக்கது என்று அவர் முடிவு செய்தார். மணமாகாதவராகவும், இடந்தோறும் பெயர்ந்து வாழ்பவராகவும் சில மிஷனரிகள் இருத்தல் வேண்டும் என்பது அவர் திட்டம். டேவிட் பென், ராபர்ட் மெடோஸ் என்னும் இளைஞர் இருவர் அவருடன் சேர்ந்தனர். பென்னின் தந்தை ஜோசப் பென் முன்னர்க் கோட்டயத்தில் பணியாற்றியவர்.

அவர்கள் வாழ்க்கை எவ்வாறு இருந்தது? ஒரு தோப்பில் கூடாரம் அடிப்பார்கள். காலையிலும் மாலையிலும் சுற்றுப்புற ஊர்களுக்குச் சென்று, சாவடியிலோ மரத்தடியிலோ கூடுவோரிடம் பேசுவார்கள். சுற்றியுள்ள ஊர்களைப் பார்த்து முடித்ததும் கூடாரத்தைச் சுருட்டிக் கொண்டு அடுத்த இடத்திற்குப் போவார்கள். கரிசல் நாட்டுக் கோடையை அறிந்தவர்களுக்கு, அவ்வெயிலில் துணிக்கூரையின்கீழ் வாழ்வது எத்தகையது என்று விளக்க வேண்டுவதில்லை. மழை பெய்தாலோ கரிசல் மண் சேறாகி வண்டிச் சக்கரத்தை விடாது பற்றிக் கொள்ளும். இரயில் பாதை அப்பகுதியில் அக்காலத்தே கிடையாது.

இங்கு ஒன்றை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நாட்டுப்புறத்து உழவன் அதற்கு முன் கண்ட வெள்ளைக்காரர் கூடாரம் எது? ஜமாபந்திக்கு வந்த கலெக்டரின் கூடாரமே. ஆகவே தோப்பில் வெண்துணி தெரிந்ததும் அவன் மனத்தில் வரியைப் பற்றிய அச்சமே முதலில் எழுந்திருக்கும் என்று கருதுவதில் தவறில்லை. 'நாங்கள் வரி வாங்க வரவில்லை. பேச வந்தோம்' என்பதை நம்ப வைப்பதே இம்மூவரின் முதல் வேலையாக இருந்திருக்கும்.

மொழியும் எளிதன்று. ராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. சுற்றுப்புறத்து நாயக்கர் ஊர்களிலும் அவ்வாறே. சந்தையிலும் சாவடியிலும் வழங்கியது தமிழ். ஸ்ரீவில்லிபுத்தூரிலோ வைணவ உரை மரபில் ஊறிய அறிஞர் வாழ்ந்தனர். பாசுரங்களை மனப்பாடமாக உடைய ஓர் ஊரில் நின்று, அண்மையில் கற்ற தமிழில் சமயம் பேச முற்படும் அயலாரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் வாதத்தில் வல்லவராயினும், வாய்மொழியில் குழந்தைதான்.

அந்தக் குறையை நிறைவு செய்தவர் யார்? தென் திருநெல்வேலியிலிருந்து வந்த தமிழ் உபதேசியார்களே. இச்செய்தியை நான் சற்று வற்புறுத்திக் கூற விரும்புகிறேன். தெற்கேயிருந்த கிறிஸ்தவச் சபைகள் தம் உபதேசியார்களை முறை வைத்து, மாதந்தோறும் வடக்கே அனுப்பின. அதற்காகும் செலவைத் தமிழ்க் கிறிஸ்தவர்களே தம் காணிக்கையிலிருந்து கொடுத்தனர். இலண்டனிலிருந்து பணம் வந்தது, பனைநாட்டிலிருந்து ஆள் வந்தான் என்று மட்டும் எண்ணுதல் தவறு. பனையேறிப் பிழைத்த எளிய மக்களின் காசும் அம்முயற்சியில் இருந்தது.

ராக்லாந்தின் பெயரை நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. அவர் இறந்த சில ஆண்டுகளில், 1861இல், அவர் வாழ்க்கை வரலாறு இங்கிலாந்தில் வெளிவந்தது. பின்னர்த் தோனாவூரில் தொண்டு புரிந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் 1922இல் அவரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஒரு மாதம் வந்து, வெயிலில் நடந்து, வசையும் வரவேற்பும் பெற்று, மீண்டும் தம் ஊருக்குத் திரும்பிய உபதேசியார்களுக்கோ அத்தகைய நூல்கள் எழவில்லை. வரலாறு படிக்கும் மாணவர் இவ்வேற்றுமையைக் கவனித்தல் நலம்.

முயற்சியின் பயன் என்ன? நான்கரை ஆண்டு உழைப்பில் ராக்லாந்து கண்ட பலன் மிகச் சிறிதே. நிலம் கொடுக்கவோ வேலை கொடுக்கவோ வழக்கில் துணை நிற்கவோ கூடாரத்தில் ஒன்றும் இல்லை. கேட்பவனுக்குக் கிடைப்பது சொல் ஒன்றே. அச்சொல்லை மறுப்பதற்கு அவனுக்கு முழு உரிமை இருந்தது; பெரும்பாலோர் மறுத்தனர். மறுக்கும் உரிமை இருந்த காரணத்தாலேயே அவ்வுரையாடல் நேர்மையானதாக இருந்தது என்பது என் கருத்து.

1857இல் வட இந்தியாவில் பெரும் புரட்சி மூண்டது. அவ்வாண்டிலும் வட திருநெல்வேலியில் கூடாரப் பணி நின்றுவிடவில்லை. மறு ஆண்டு, 1858 அக்டோபர் 22ஆம் நாள், நுரையீரல் நோயால் நலிந்திருந்த ராக்லாந்து சிவகாசியில் இரத்தம் கக்கி உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 43. பத்து நாள் கழித்து, நவம்பர் முதல் நாளன்று, விக்டோரியா அரசியின் பேரறிக்கை வெளியாயிற்று. கம்பெனி ஆட்சி முடிந்தது. மக்களின் சமய நம்பிக்கையில் அரசு தலையிடாது என்று அவ்வறிக்கை உறுதி கூறியது.

உறுதிமொழி வேறு, வீதியின் நிலை வேறு. அதே ஆண்டு டிசம்பரில், திருநெல்வேலி நகரில், இறந்துபோன ஒரு கிறிஸ்தவரின் உடலைப் பொதுவீதி வழியே கொண்டு செல்லலாமா என்பது பற்றிக் கலகம் மூண்டது. படையினர் சுட்டனர், உயிர்கள் மாண்டன. தெரு யாருக்குரியது என்னும் கேள்வி சமயக் கேள்வி மட்டுமன்று, சாதிக் கேள்வியுமாகும். கோயில் நுழைவு பற்றிய பூசல் முற்றி, 1899இல் சிவகாசியில் பெருங்கலவரமாக வெடித்ததை நாம் அறிவோம். தெற்கிலிருந்து வந்த உபதேசியார் வடக்கே வீதியில் நின்று பேசினார் என்பதை நாம் எளிதாகச் சொல்லி விடுகிறோம். அவ்வாறு நிற்பதற்கே எத்துணைத் துணிவு வேண்டியிருந்தது என்பதை இந்நிகழ்ச்சிகளின் ஒளியில்தான் உணர முடியும்.

ராக்லாந்துக்குப் பின் கூடாரத்தின் இடத்தில் நிலையங்கள் எழுந்தன. சிவகாசிக்கு அருகில் சாட்சியாபுரம் இத்தொண்டின் மையமாயிற்று. பள்ளிகள் தோன்றின, அவற்றில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் படித்தனர். ஆங்கிலேயர் பெயரைத் தாங்கிய வேறுவகைக் கல்விச் சின்னமும் இப்பகுதியில் உண்டு. 1875இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் தோன்றிய பென்னிங்டன் நூல்நிலையம், திருநெல்வேலி ஜில்லாவின் கலெக்டர் ஒருவர் பெயரால் அமைந்தது. சமயப் பிரசாரத்தை ஏற்காத மக்களும் பள்ளியையும் நூல்நிலையத்தையும் தமக்கு உரியனவாக ஆக்கிக் கொண்டனர்.

இனி நம் முதற் கேள்விக்கு வருவோம். அயலார் தோழராக ஆனாரா? இதற்கு விடை கூறும் தகுதி திருநெல்வேலிச் சீமையிலேயே பிறந்த ஒருவருக்கு உண்டு. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவே அவர். உபதேசியார்களை வடக்கே அனுப்பிய அதே நாட்டு மக்கள், 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தை நிறுவியபோது, அதற்கு முன்னின்றவருள் அசரியாவும் ஒருவர். இந்தியப் பணம், இந்தியர் உழைப்பு, இந்தியர் நிருவாகம் என்பது அதன் அடிப்படை. 1854இல் மாத முறையில் தொடங்கியது, அரை நூற்றாண்டில் தன் காலில் நின்றது என்று நாம் கொள்ளலாம்.

அதே அசரியா 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் பேசினார். மேனாட்டார் செய்த தியாகங்களை அவர் மறுக்கவில்லை, நன்றியோடு போற்றினார். ஆனால் இந்திய ஊழியரைச் சமமாக மதித்து உறவாடும் நட்பு போதவில்லை என்று, அவ்வளவு பெரிய அவையில் நாகரிகமாகவும் அஞ்சாமலும் எடுத்துரைத்தார். அவையோரில் சிலர் அதனால் மனம் வருந்தினர். இரண்டு ஆண்டுகளில், 1912இல், அவர் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கத் திருச்சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதன்முறை. 1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, அயல்நாட்டுச் சங்கங்களின் தலைமைக் காலம் முடிவை நெருங்கியது.

ராக்லாந்து விருந்தினராக வாழ முயன்றார் என்று நாம் தயங்காமல் கூறலாம். தம் நாட்டின் கல்விப் புகழையும் பங்களாவின் வசதியையும் விட்டு, தோப்பு நிழலில் தங்கினார். ஆனால் விருந்தினராவது வேறு, தோழராவது வேறு. பின்னதற்கு இருவர் மனமும் இசைய வேண்டும். அவ்விருவரும் சமமாக நிற்கவும் வேண்டும். ஆட்சியும் நிறமும் சம்பளமும் குறுக்கே நின்ற காலத்தில் அது முழுமையாகக் கைகூடவில்லை என்பதையே அசரியாவின் சொற்கள் காட்டுகின்றன.

நண்பர்களே, ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ அடுத்த முறை செல்லும்போது, கோபுரத்தைக் கண்டு மகிழுங்கள். ஆலைகளைக் கண்டு வியந்திடுங்கள். சாலையோரப் புளியந்தோப்பு ஒன்றைக் கடக்கும்போது ஒரு கணம் நில்லுங்கள். இத்தகைய தோப்பொன்றில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஒருவரும், பனைநாட்டுத் தமிழ் உபதேசியார் ஒருவரும் ஒரே கூடாரத்து விளக்கொளியில் மறுநாள் செல்ல வேண்டிய ஊர்களைப் பற்றிப் பேசியிருப்பார்கள். அவ்விருவரில் ஒருவரை மட்டுமே நம் நூல்கள் நன்கு அறிந்திருக்கின்றன. மற்றவரைத் தேடி எழுதும் வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது.