ஏணையும் எட்டுக்கால் பூச்சியும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் என் தங்கையின் பேரன் ஒரு படம் போட்டிருந்தான். ஒரகடத்தில் ஒரு ஆலையில் வேலை பார்க்கும் பிள்ளை. நண்பர்களோடு மலைப்பக்கம் முகாம் போக, இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிப் படுக்கிற ஹேமக் வாங்கியிருக்கிறான். படத்துக்குக் கீழே ஒரு கேள்வி: "தாத்தா, எல்லாம் சரி. ராத்திரி மரத்திலிருந்து எட்டுக்கால் பூச்சி மேலே இறங்கினால் என்ன பண்றது?"

ஆளுக்கொரு பதில் வந்தது. ஒருவர் மருந்து அடிக்கச் சொன்னார். இன்னொருவர், அது மேலே சிறுநீர் விட்டாலே அக்கி வரும், போகவே வேண்டாம் என்றார். நான் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் பதில் நீளும் என்று உங்களுக்குத் தெரியும்.

முதலில் அந்தப் படுக்கையின் கதை. 1492இல் கொலம்பஸ் கரீபியன் தீவுகளில் இறங்கியபோது, அங்கிருந்த தைனோ மக்கள் பருத்தி நூலில் பின்னிய வலையைக் கட்டி அதில் படுத்திருப்பதைப் பார்த்தார். 'ஹமாகா' என்பது அவர்கள் சொல். ஈரத் தரை, எறும்பு, தேள், பாம்பு எல்லாவற்றையும் கீழே விட்டுவிட்டு மனிதன் மட்டும் மேலே தொங்குவதற்கான ஏற்பாடு அது. ஐரோப்பியக் கப்பல்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். குறுகிய இடத்தில் நிறைய ஆட்கள் படுக்கலாம், கப்பல் ஆடினாலும் ஆள் உருண்டு விழமாட்டான். 16ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்துக் கடற்படைக்கும் வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் மழைக்கூரையும் கொசுவலையும் சேர்த்துத் தைத்த 'காட்டு ஹேமக்' வைத்திருந்தார்கள். பேரன் வாங்கியது அதன் வாரிசு.

ஆனால் நமக்கு இது புதுசா? மண்ணூர் ஏரிக்கரையில் நடவு நட்ட அம்மாக்களைக் கேளுங்கள். பழைய புடவையை மரக்கிளையில் கட்டினால் ஏணை. சில ஊரில் தூளி என்பார்கள். குழந்தையை வரப்பில் கிடத்த மாட்டார்கள். தரையில் எறும்பு வரும், தேள் வரும், 'பூச்சி' வரும். தைனோ மக்கள் கண்டுபிடித்த அதே நியாயம். மலைக்கிராமங்களில் அதே துணியை மூங்கிலில் கட்டினால் நோயாளியைத் தூக்கிவரும் டோலி. சாலை இல்லாத ஊர்களில் இன்றைக்கும் அதுதான் ஆம்புலன்ஸ்.

என் தங்கையை ஏணையில் போட்டுவிட்டு அம்மா நடவுக்கு இறங்கும்போது, காவல் எனக்கு. அப்போது எனக்கு ஏழெட்டு வயது. அம்மா மூன்று வேலை சொல்லிக் கொடுத்திருந்தார். துணியை உதறிவிட்டுக் கட்டவேண்டும். கட்டும் முன் கிளையை அண்ணாந்து பார்க்கவேண்டும். கயிற்றில் மண்ணெண்ணெய் நனைத்த துணியைச் சுற்றவேண்டும், எறும்பு இறங்காது. சிலந்தி இறங்கினால்? "குச்சியால் நூலோடு எடுத்து அந்தப் பக்கம் விடு. அது உன்னைத் தேடி வரவில்லை" என்பார். பள்ளிக்கூடம் போகாத அம்மா சொன்னது அது.

சிலந்தியை நம் முன்னோர்கள் வெறும் அருவருப்பாகப் பார்க்கவில்லை. நமக்குப் பக்கத்து ஊரான குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் ஒரு சிலந்தியின் கதையைச் சொல்கிறார். திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தடியில் இருந்த லிங்கத்தின் மேல் சருகு விழாமல் இருக்க, சிலந்தி ஒன்று வலையால் பந்தல் போட்டதாம். வழிபட வந்த யானை அதைக் குப்பை என்று நினைத்து அழித்தது. சிலந்தி கோபத்தில் துதிக்கைக்குள் புகுந்து கடிக்க, இரண்டுமே இறந்தன. அந்தச் சிலந்தியே கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏறமுடியாத மாடக்கோயில்களைக் கட்டினான் என்பது கதை. கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் அந்தச் சோழன் எழுபது கோயில் கட்டியதைத் திருமங்கையாழ்வாரும் பாடியிருக்கிறார். திருக்காளத்தியில் சிலந்தி, பாம்பு, யானை மூன்றும் ஒரே சன்னதியில் பக்தர்கள். வலையைக் குப்பை என்று பார்ப்பதா, பந்தல் என்று பார்ப்பதா? யானைக்கு வந்த அதே குழப்பம் நமக்கும் உண்டு.

அறிவியல் பக்கம் வருவோம். இந்தியாவின் சிலந்திகள், தேள்களைப் பற்றிய முதல் பெரிய நூலை பொக்காக் என்ற ஆங்கிலேயர் 1900இல் வெளியிட்டார். நம் மரப்பொந்துகளில் வாழும் பெரிய புலிச்சிலந்திகளும் அதில் உண்டு. ராமேஸ்வரத்தில் அனுமவிலாசம் கோயிலை ஒட்டிய தோப்பில் கிடைத்த ஒரு வகைக்கு 2004இல் அந்தக் கோயிலின் பெயரையே வைத்தார்கள். இலங்கையில் போர் முடிந்த 2009இல், மாங்குளத்தில் ஊர்மக்கள் அடித்துக்கொன்ற ஒரு பெரிய சிலந்தி ஆய்வாளர்கள் கைக்கு வந்தது. பிறகு தேடியபோது அங்குள்ள மருத்துவமனையின் பழைய டாக்டர் குடியிருப்பிலும் இருந்தது. தங்களுக்குத் துணையாக வந்த மைக்கேல் ராஜகுமார் என்ற காவல் ஆய்வாளரின் நினைவாக அதற்கு 'ராஜேயி' என்று பெயரிட்டார்கள். காடு அழிந்து மரப்பொந்து போனதால், சிலந்தி பாழடைந்த கட்டடத்துக்குக் குடிவந்திருந்தது.

புலிச்சிலந்தி கடித்தால் கடும் வலி, நாள்கணக்கில் தசைப்பிடிப்பு வரும். டாக்டரிடம் போகத்தான் வேண்டும். ஆனால் அதனால் உயிர் போனதாக உறுதியான பதிவு கிடையாது. தோப்பில் குறுக்கே பெரிய பொன்னிற வலை கட்டுகிற சிலந்தி, வீட்டுச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு உட்கார்ந்திருக்கும் சிலந்தி எல்லாம் பார்க்கத்தான் பயங்கரம். 'சிறுநீர் விட்டு' வந்ததாகச் சொல்லும் கொப்புளம் பல நேரம், விளக்கு வெளிச்சத்துக்கு வரும் ஒரு சின்ன வண்டைத் தோலில் வைத்து நசுக்குவதால் வருவது. அக்கி என்பது வைரஸ். காவியில் எழுதினாலும் அதற்குக் காரணம் சிலந்தி இல்லை.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதிவிடலாம். இனிச் சொல்லப்போவதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியாது.

1965 வாக்கில், ஒரு சித்திரை மாதம். நவரை அறுப்பு முடிந்து நெல் களத்தில் கிடந்தது. காவலுக்கு ஒருவர் வைக்கோல் மேல் துண்டை விரித்துப் படுத்திருந்தார். என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஏரி காட்டியவர். விடியற்காலையில் வந்து, "ஏதோ பூச்சி கடிச்சிருக்கு, வயிறு வலிக்குது" என்றார். கையில் காயம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. சாக்கைப் புரட்டினார்கள், ஒரு பெரிய எட்டுக்கால் பூச்சி ஓடியது. "இதுதான்" என்றார்கள். நானும் ஓடிப்போய்ச் செருப்பால் அடித்தேன். பெருமையாக இருந்தது. பச்சிலை அரைத்துக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் இமை தானாக மூட ஆரம்பித்தது. ராத்திரி தூங்கவில்லை, தூங்கட்டும் என்று விட்டார்கள். பேச்சு குழறிய பிறகுதான் மாட்டுவண்டி கட்டினார்கள். வழியிலேயே போய்விட்டார்.

ஆசிரியர் ஆன பிறகு ஒரு நூலில் கட்டுவிரியனைப் பற்றிப் படித்தேன். தரையில் தூங்குபவரை இரவில் கடிக்கும். பல் சிறியது, வலி அநேகமாக இருக்காது, தடமும் தெரியாது. முதலில் வயிற்றுவலி, பிறகு இமை சரியும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுபோகும். புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் அடித்தது குற்றவாளியை இல்லை.

நம் சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது பாருங்கள். ராத்திரியில் பாம்பு என்று பேர் சொல்லக்கூடாது என்று 'பூச்சி' என்போம். சிலந்தியும் பூச்சி, பாம்பும் பூச்சி. மரியாதைக்கும் பயத்துக்கும் வைத்த அந்தச் சொல் அவசர நேரத்தில் ஆளைக் குழப்பிவிடுகிறது.

இது பழைய கதை இல்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்கு ஏறத்தாழ 58,000. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில், வீட்டு வாசலில் தூங்கிய ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாததால் மருத்துவமனை போய்ச்சேர நேரமானது. குழந்தை பிழைக்கவில்லை. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோயாக அறிவித்தது. இந்த விஷயத்தில் நம் மாவட்டத்துப் பக்கம் பெருமைப்படவும் ஒன்று உண்டு. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் விஷத்திலிருந்துதான் நாட்டில் பலருக்கு முறிமருந்து தயாராகிறது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

சரி, பேரனுக்குப் பதில்.

தம்பி, தாராளமாகப் போய்ப் படு. பொந்து உள்ள மரம், பட்டை உரிந்த மரம் வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போதே கட்டு. டார்ச் அடித்துக் கிளையைப் பார். வலை இருந்தால் கலைக்காதே, வேறு மரம் தேடு. விளக்கை உன் பக்கத்தில் வைக்காதே. வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும். வலை உள்ள ஹேமக் என்றால் மூடிக்கொள், அது கொசுவுக்கும் நல்லது. காலணியைத் தரையில் விடாமல் மேலே தொங்கவிடு, காலையில் உதறிப் போடு. ராத்திரி கீழே இறங்கினால் டார்ச் இல்லாமல் கால் வைக்காதே. சிலந்தி இறங்கினால் உன் கொள்ளுப்பாட்டி சொன்னதுதான், நூலோடு எடுத்து அந்தப் பக்கம் விடு. எது கடித்தது என்று தெரியாமல் வயிறு வலித்தாலோ, இமை சரிந்தாலோ, பச்சிலை தேடாதே, கீறாதே, கட்டாதே. கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108ஐக் கூப்பிடு.

கடைசியாக, என் பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் மேற்பார்வையாளர்களாக, மனிதவள அதிகாரிகளாக இருக்கிறீர்கள். ராத்திரி அந்தச் சாலைகளில் வரும்போது பார்த்திருப்பீர்கள். கன்டெய்னர் லாரிக்கு அடியில் தூளி கட்டிப் படுத்திருப்பவர் புத்திசாலி. பக்கத்தில் புதர் ஓரமாக அட்டையை விரித்துத் தரையில் தூங்குபவருக்குத்தான் ஆபத்து. ஏரியும் வயலும் இருந்த இடம் இது. நாம் கட்டடம் கட்டியதால் கட்டுவிரியன் ஊரைக் காலி செய்துவிடாது. நேபாளச் சமவெளியில் நடந்த ஆய்வு ஒன்றில், கொசுவலைக்குள் படுத்தவர்களைப் பாம்பு கடிப்பது குறைவு என்று தெரிந்தது. உங்கள் ஆலை வாசலில் காத்திருக்கும் ஓட்டுநர்களுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கட்டில், ஒரு கொசுவலை, ஒரு விளக்கு. பெரிய செலவு இல்லை. யாராவது ஒருவர் செய்துவிட்டு எனக்குப் படம் அனுப்புங்கள். அறுபது வருஷத்துக்கு முன் களத்தில் செருப்பை ஓங்கிய அந்தப் பையனுக்குக் கொஞ்சம் மனம் ஆறும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்,
மண்ணூர்.