சிவப்புக் கைப்பை

கதைச் சுருக்கம் எழுதுவோர் முதலில் விட்டுவிடுவன சிறு பொருள்களையே. தேர்வு நோக்கில் புதினம் பயிலும் மாணவரும் அவற்றை வெறும் வருணனையெனக் கடந்துவிடுகின்றனர். அவ்வாறு கடப்பதால் நேரும் இழப்பு எத்தகையது என்பதை டால்ஸ்டாயின் 'அன்னா கரேனினா' காட்டும்.

1872 சனவரியில், தம் ஊருக்கு அண்மையிலுள்ள யாசென்கி தொடர்வண்டி நிலையத்தில் வண்டியின்முன் வீழ்ந்து உயிர்நீத்த பெண்ணொருத்தியின் உடலை டால்ஸ்டாய் நேரில் கண்டார். 1873இல் அவர் எழுதத் தொடங்கிய இப்புதினம் 1875 முதல் 1877 வரை இதழொன்றில் தொடராக வெளிவந்தது.

முதற் பகுதியில், மாஸ்கோவிலிருந்து இரவு வண்டியில் திரும்பும் அன்னாவிடம் சிவப்புக் கைப்பை ஒன்று இருக்கிறது. அவள் ஆங்கிலப் புதினம் ஒன்றைப் படிக்கிறாள். பிறர் வாழ்வைப் படிப்பதினும் தானே வாழ்தல் வேண்டும் என்னும் வேட்கை அவளுள் எழுகிறது. அப்பை அங்கே பயணப் பொருள்களுள் ஒன்று; அவ்வளவே.

ஏழாம் பகுதியின் இறுதியில் சிவப்புக் கைப்பை மீண்டும் வருகிறது. முதற் பெட்டியின்கீழ் வீழ முனைந்தவளைக் கையினின்று எளிதில் கழலாத அப்பை தடுத்துவிடுகிறது. அடுத்த பெட்டி வரும்வரை கிடைத்த சிறு இடைவெளியில் சிலுவைக் குறியிடுகிறாள். இளமை நினைவுகள் ஒளியுடன் திரும்புகின்றன. பின்னரே பையை எறிகிறாள்.

வாழும் வேட்கை பிறந்தபோது உடனிருந்த பொருள், சாவின் விளிம்பிலும் ஒரு கணம் வாழ்வை நீட்டித் தருகிறது. பையை நீக்கிச் சுருக்கினால் எஞ்சுவது யாசென்கியில் நிகழ்ந்த செய்தி மட்டுமே.