ஒரு கிராம் யூக்கலிப்டஸ் விதை

போன மாதம் கூட்டாளி ஒருத்தன் சின்னப் பக்கெற் ஒன்றைக் கொண்டு வந்து காட்டினான். ஒன்லைனில் வாங்கின யூக்கலிப்டஸ் விதை. "மச்சான், அஞ்சு வருசத்தில வீட்டுக் கூரைக்கு மேல வளந்திடுமாம். கிணத்தடியில நடப்போறன். நிழலும் வரும், நுளம்பும் வராது" எண்டான். உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தோம். கடுகைவிடச் சின்னது. பலமாக மூச்சு விட்டால் பறந்து போய்விடும்.

அவன் அவசரப்படுவதில் பிழை சொல்ல முடியாது. 2009க்குப் பிறகு கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் திரும்பி வந்த சனம் கண்டது என்ன? தலையில்லாத பனை, தலையில்லாத தென்னை, வெயில் கொளுத்துற வெறும் வளவு. அப்படி வந்து குடியேறின ஆக்களுக்கு எது கெதியா வளருமோ அதுதான் நல்ல மரம். ஆனால் இந்த விதைக்கு ஒரு வரலாறு இருக்கு. கிணற்றடியில் குழி தோண்ட முதல் அதைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வருவம்.

1777இல் கப்டன் குக் தன் மூன்றாவது பயணத்தில் தஸ்மேனியாவுக்குப் பக்கத்தில் இருக்கிற புரூனி தீவில் இறங்கினார். கப்பலில் வந்த டேவிட் நெல்சன் அங்கே ஒரு மரத்தின் கிளைகளைச் சேகரித்து லண்டனுக்குக் கொண்டு போனார். 1788இல் லெரிற்றியே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் அதற்கு யூக்கலிப்டஸ் என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் 'நன்றாக மூடப்பட்டது' என்று பொருள். அதன் மொட்டு ஒரு சின்னத் தொப்பி போட்டிருக்கும். பூக்கும்போது தொப்பி கழன்று விழும். அவுஸ்திரேலியாவின் பூர்வகுடிகள் பல்லாயிரம் வருசமாகச் சொந்தப் பெயர்களில் கூப்பிட்டு வந்த மரங்களுக்கு உலகம் வைத்துக்கொண்ட பெயர் இதுதான்.

அதற்குப் பிறகு இந்த விதை உலகத்தைச் சுற்றத் தொடங்கியது. சின்ன விதை, எடை இல்லை, ஒரு கடித உறைக்குள் ஒரு காட்டையே அனுப்பலாம். மெல்பேர்ணில் இருந்த ஃபெர்டினாண்ட் வொன் முல்லர் 19ஆம் நூற்றாண்டில் பல நாடுகளுக்கும் இப்படி விதை அனுப்பிக்கொண்டே இருந்தார். அந்தக் காலத்தில் மலேரியா கெட்ட காற்றால் வருகுது எண்டுதான் நம்பினார்கள். யூக்கலிப்டஸ் வாசம் அந்தக் காற்றைச் சுத்தமாக்கும் எண்டும் நம்பினார்கள். ரோமுக்கு வெளியே திரே ஃபொந்தானே மடத்தில் 1868இல் குடியேறிய துறவிகள் இதற்காகவே யூக்கலிப்டஸை நட்டார்கள். 'காய்ச்சல் மரம்' எண்டு பெயர் பரவியது. 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ரொஸ், மலேரியாவைக் காவுவது நுளம்பு எண்டு கண்டுபிடித்தார். அப்போதுதான் விசயம் விளங்கியது. வாசம் இல்லை, இந்த மரம் சதுப்பு நிலத்துத் தண்ணியை உறிஞ்சினதுதான் அதன் வைத்தியம்.

வன்னி எண்டாலே காய்ச்சல் எண்டு யாழ்ப்பாணத்தார் பயந்த காலமும் இருந்தது. அந்தக் காய்ச்சலை அடக்கியது மருந்தும், 1940களின் பிற்பகுதியில் வீடு வீடாக அடிச்ச டிடிரியும், பிறகு பல பத்தாண்டு சுகாதார வேலையும்தான். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. கூட்டாளி சொன்ன "நுளம்பு வராது" என்ற கதை, ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்தின ஒரு நம்பிக்கையின் மிச்சம்.

இந்தியாவில், ஏறக்குறைய 1790இல் திப்பு சுல்தான் நந்தி மலைத் தோட்டத்தில் முதன்முதலில் நட்டார் என்று சொல்வார்கள். நீலகிரிக்கு 1843இல் வந்தது. ஊட்டியில் குடியேறின வெள்ளையர்களுக்குக் குளிர் காய விறகு வேணும். சோலைக்காடுகளை வெட்டி எரித்து, அவை குறைந்த பிறகு, புல்வெளிகளில் யூக்கலிப்டஸ் நட்டார்கள். நாங்கள் தடிமன் பிடித்தால் ஆவி பிடிக்கிற 'நீலகிரித் தைலம்' அந்தப் பெயரைப் பெற்றது இப்படித்தான்.

இலங்கையில் கதை தேயிலையோடு வருகுது. 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்தது. தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. பறித்த கொழுந்தை வாட்டி, காய வைக்கத் தொழிற்சாலைக்கு நெருப்பு வேணும். காடு ஏற்கனவே தோட்டமாகிவிட்டது. அதனால் காற்றுத் தடுப்புக்கும் விறகுக்கும் தோட்டங்கள் யூக்கலிப்டஸை நட்டன. மலையகத்தில் பலர் இன்றைக்கும் 'டர்பன்டைன் மரம்' என்றுதான் சொல்வார்கள்.

எங்கட அம்மாயி அந்த மரங்களுக்குக் கீழே வளர்ந்தவ. "தோட்டத்து மரத்தில கத்தி வைக்கக் கூடாது. விழுந்த சுள்ளியத்தான் பொறுக்கலாம். அதுக்கும் கங்காணி பாத்துக்கிட்டு நிப்பாரு" எண்டு சொல்லுவா. மரம் அடுப்புக்குத்தான், ஆனால் லயத்து அடுப்புக்கு இல்லை. அந்தப் பெரிய மரங்களைப் பற்றி நான் வாசித்த எல்லாவற்றையும்விட அந்த ஒரு வசனம் கூடச் சொல்லுது.

1970களில் தோட்டங்களில் வந்த பட்டினி, 1977 வன்முறை, பிறகு 1983. மலையகத்தில் இருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வன்னிக்கு வந்தன. வவுனியாவில் டேவிட், மருத்துவர் ராஜசுந்தரம் ஆகியோரின் காந்தியம் அமைப்பு பலரைக் குடியமர்த்தியது. கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் போன்ற ஊர்களில் இன்றைக்கும் அந்தக் குடும்பங்கள் இருக்கின்றன. விறகு மரத்துக்குக் கீழே வளர்ந்த சனம், பாலையும் முதிரையும் வீரையும் நின்ற காட்டுக்கு வந்து சேர்ந்தது. இங்கே வாழ்க்கை குளத்தோடு. மாரியில் மூன்று மாதம் பெய்கிறதை மறித்து வைத்துத்தான் மிச்ச மாதங்கள் ஓடும். 1902இல் கட்டத் தொடங்கிய இரணைமடுவும் சரி, பெயர் தெரியாத சின்னக் குளமும் சரி, கணக்கு ஒன்றுதான்.

யூக்கலிப்டஸும் மலையை விட்டுக் கீழே இறங்கியது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வனத் திணைக்களம் உலர் வலயத்தில் கமல்டுலென்சிஸ் என்ற இனத்தை நட்டது. அந்தப் பெயர் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் இருந்த கமல்டொலி தோட்டத்தில் இருந்து வந்தது. அங்கே வளர்ந்த ஒரு மரத்தைப் பார்த்துத்தான் 1832இல் அதை விவரித்தார்கள்.

உலர் நிலத்தில் அது என்ன செய்யும்? கடலுக்கு அந்தப் பக்கம், எங்களைப் போலவே குளத்தை நம்பி வாழ்கிற புதுக்கோட்டையைப் பார்க்கலாம். 1974இல் தொடங்கிய தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் அங்கே காகித ஆலைகளுக்காகப் பெரும் பரப்பில் தைலமரம் வளர்க்குது. வரப்பும் பள்ளமும் வெட்டி மழைத்தண்ணியைத் தோட்டத்துக்குள்ளேயே நிறுத்துவதால் கண்மாய்க்குத் தண்ணி வருவதில்லை எண்டு விவசாயிகள் பல வருசமாகப் போராடுகிறார்கள். கர்நாடகத்தின் தும்கூரில் 1983இல் விவசாயிகள் நாற்றுமேடைக்குள் புகுந்து யூக்கலிப்டஸ் கன்றுகளைப் பிடுங்கிவிட்டு, புளி விதையும் மாங்கொட்டையும் போட்டுவிட்டு வந்தார்கள். 2017இல் அந்த மாநில அரசு புதிதாக யூக்கலிப்டஸ் நடுவதையே தடை செய்தது.

இது வெறும் ஆத்திரமா? நீலகிரியின் கிளென்மோர்கனில் அளந்தே பார்த்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன நீரேந்துப் பகுதிகள். ஒன்றைப் புல்வெளியாக விட்டு, மற்றதில் 1972இல் யூக்கலிப்டஸ் நட்டார்கள். முதல் பத்து வருசத்தில் ஓடைக்கு வந்த தண்ணி ஏறக்குறைய 16 வீதம் குறைந்தது. வெட்டி, அடிக்கட்டை திரும்பத் துளிர்த்த பிறகு ஏறக்குறைய 25 வீதம் குறைந்தது.

மரத்துக்கும் நியாயம் சொல்ல வேணும். ஒரு கிலோ விறகுக்கு அது குடிக்கிற தண்ணி மற்ற மரங்களைவிட மோசம் இல்லை. ஆனால் அது நிற்காமல் வளருது. மற்ற மரம் இலை உதிர்த்துக் களைப்பாறுகிற கோடையிலும் வேரை ஆழத்துக்கு விட்டுக் குடிக்குது. ஊட்டிக்குக் குளிர் காய, தேயிலையைக் காய வைக்க, காகிதம் செய்ய என்று ஒவ்வொரு தடவையும் தேவை ஒருவருடையது, தண்ணி வேறொருவருடையது. மரம் எங்கேயும் தானாக நடந்து போகவில்லை.

கூட்டாளியிடம் இதையெல்லாம் சொன்னன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அப்ப இந்த விதைய எறியவா?" எண்டான். எறிய வேண்டாம். முளைக்கப் போட்டுப் பார்க்கிறதில் ஒரு சந்தோசம் இருக்கு. ஓட்டை போட்ட ஆழமில்லாத தட்டில் சலித்த மண்ணும் மணலும் கலந்து போடு. விதையை மேலே தூவு, புதைக்காதே. மெல்லிசாக மணல் தூவினால் காணும். மேலே தண்ணி ஊற்றினால் விதை அடிபட்டுப் போகும், அதனால் தட்டைத் தண்ணிக்குள் வைத்துக் கீழிருந்து ஊற விடு. ஒன்றிரண்டு கிழமையில் முளைக்கும். நெருக்கமாகவும் ஈரமாகவும் விட்டால் தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். இரண்டு சோடி இலை வந்ததும் ஒவ்வொன்றாகப் பொலித்தீன் பைக்கு மாற்று. இளங்கன்றின் இலை வேறு, பெரிய மரத்தின் இலை வேறு. அதைச் சாடியில் வைத்தே பார்க்கலாம், கசக்கி மணக்கலாம்.

ஆனால் கிணற்றடியில் வேண்டாம். குளத்துக்குத் தண்ணி வருகிற வழியிலும் வேண்டாம். அங்கே மருது வை, இலுப்பை வை, வேம்பு வை. அஞ்சு வருசத்தில் கூரையைத் தொடாது, உண்மைதான்.

போன கிழமை அவன் ஒரு படம் அனுப்பியிருந்தான். ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் பச்சைப் புள்ளி மாதிரி பத்துப் பதினைந்து முளை. அம்மாயிக்குக் காட்டினன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கன நேரம் பார்த்தா. "இத்தனூண்டாவா இருந்துச்சு அது?" எண்டா. பிறகு கேட்டா: "கிணத்தடியில என்ன வச்சிருக்கான்?"

மருதங்கன்று ஒண்டு வச்சிருக்கிறான் எண்டு சொன்னன்.