பழைய கணினியும் புதிய பதிப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னாரிலிருந்து காட்டுவழி நடந்து மாத்தளைக் கோப்பித் தோட்டங்களை அடைந்தனர் நம் மக்கள். வழியிலே மடிந்தோர் பலர். அவர்தம் வழித்தோன்றல்கள் பயிலும் பாடசாலைக்குப் பிறர் கழித்த கணினி கிட்டுமாயின், அதற்கு உயிரூட்ட வல்லது இலகு லினக்ஸே என்போம். 2006இல் தைவானில் பிறந்த எல்எக்ஸ்டிஇ என்னும் திரைமுகப்பு சிறு நினைவகத்திலும் இயங்கிற்று. லுபுண்டு அதனை ஏற்றது. 2018 அக்டோபரில் வந்த 18.10 பதிப்பு எல்எக்ஸ்கியூட்டி என்ற புதுமுகப்பை அணிந்தது. அழகுதான்! ஆனால், 2019இன் 19.04 பதிப்பு பழைய 32 பிட் கணினிகளைக் கைவிட்டதே! மூலநிரல் யாவர்க்கும் திறந்திருப்பது மெய். அதைத் திருத்தும் கல்வியைத் தோட்டத்துப் பிள்ளைக்கு யார் தந்தார்? டெபியன் 2023இன் 12ஆம் பதிப்புவரை அக்கணினிகளுக்கு இடமளித்தது. 2025இன் 13ஆம் பதிப்பில் அவற்றில் நிறுவும் வசதியை அதுவும் நீக்கிவிட்டது.