அடிக்குறிப்பில் ஒரு நகரம்

ஹைதராபாத் என்றவுடன் நம்மில் பெரும்பாலோருக்குச் சார்மினாரும் கோல்கொண்டாக் கோட்டையுமே நினைவுக்கு வரும். ஆனால், பழைய அரபு நூல்களை ஆராய்கின்ற ஓர் அறிஞருக்கு, அவர் பாரிசில் வாழ்ந்தாலும் கெய்ரோவில் வாழ்ந்தாலும், இந்நகரின் பெயர் வேறு வகையில் பழக்கமானது. அவர் புரட்டும் ஆராய்ச்சி நூல்களின் அடிக்குறிப்புகளில் ஆசிரியர் பெயரும் நூலின் பெயரும் வந்தபின், பதிப்பித்த இடமாக 'ஹைதராபாத்' என்றும், அதனையடுத்து ஆண்டும் அச்சிடப்பட்டிருப்பதை அவர் அடிக்கடி காண்பார்.

இப்பெருமையைத் தேடித் தந்தது தாயிரத்துல் மஆரிஃப் என்னும் பதிப்பு நிலையம். 1888இல் தோன்றிய இந்நிலையம் இப்போது உஸ்மானியா பல்கலைக் கழக வளாகத்தில் இருக்கிறது. இதனை நிறுவியவர்களுள் ஒருவர் சையத் ஹுசேன் பில்கிராமி. 1891இல் ஆசஃபியா நூலகம் தோன்றுவதற்கும் அவரே முன்னின்றார். மூசி ஆற்றங்கரையில், அஃப்ஸல்கஞ்சில், கம்பீரமாக நிற்கும் மாநில மத்திய நூலகம் அந்த ஆசஃபியா நூலகமே.

பழைய நூல் ஒன்றின் கையெழுத்துப் படிகள் பல நாட்டு நூலகங்களில் சிதறிக் கிடக்கும். அவை இருக்குமிடம் அறிந்து, நகல் பெற்று, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாட வேறுபாடுகளைக் குறித்து அச்சேற்றுவதே இந்நிலையத்தார் மேற்கொண்ட பணி. 11ஆம் நூற்றாண்டில் அல்பீரூனி இயற்றிய 'அல்கானூன் அல்மஸ்ஊதி' என்னும் பெரிய வானநூல் 1954 முதல் 1956 வரை இங்கிருந்து வெளிவந்தது.

தமிழராகிய நமக்கு இப்பணி புதியதன்று. தாயிரத்துல் மஆரிஃப் தோன்றுவதற்கு ஓராண்டு முன்பு, 1887இல், உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார். அவ்வுரையில் மேற்கோள்கள் நிறைந்திருந்தன. ஆனால் அவை எந்த நூலைச் சேர்ந்தவை என்ற குறிப்பு பெரும்பாலும் இல்லை. உரையாசிரியர் காலத்தில் கற்றோர்க்கு அக்குறிப்பு வேண்டியிருக்கவில்லை போலும். பல நூற்றாண்டுகள் கழிந்து, நூல்களே மறைந்து போன நிலையில், ஒவ்வொரு வரிக்கும் உரிய மூலத்தை ஐயர் ஏடு ஏடாகத் தேட நேர்ந்தது. அந்தத் தேட்டமும் சங்க நூல்களின்பால் அவரைச் செலுத்தியது. ஐயர் போன்ற ஒருவர் வாய்த்தமையால் நாம் பிழைத்தோம். மேற்கோளுக்கு மூலம் குறிப்பது வெறும் சடங்கு என்று எண்ணுவோர் இவ்வரலாற்றைச் சிந்திப்பது நலம்.

மற்றொரு பாடத்தை அல்பீரூனியே கற்பிக்கிறார். இந்தியாவைப் பற்றித் தாம் எழுதிய நூலின் முன்னுரையில், தமக்கு முன் எழுதியோர் பலர் நேரில் ஆராயாமல் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி வைத்ததை அவர் குறை கூறுகிறார். தாமோ வடமொழி கற்று, பிரம்மகுப்தர், வராகமிகிரர் முதலியோரைப் பெயர் சுட்டி எடுத்தாண்டார். அந்நூலின் அரபு மூலம் 1887இல் லண்டனிலும், 1958இல் ஹைதராபாத்திலும் அச்சாயிற்று. இரண்டிலும் பக்க எண்கள் ஒன்றல்ல. ஆகவே, 'அல்பீரூனி, பக்கம் 100' என்று மட்டும் எழுதும் மாணவர் வாசகருக்கு வழி காட்டியவர் ஆகார். ஊரும் ஆண்டும் சேர்ந்தால்தான் அது முகவரி ஆகும்.

இன்று நம் பிள்ளைகள் பலர் இந்நகரின் பல்கலைக் கழகங்களில் ஆய்வு செய்கின்றனர். நூல்களைத் தேடும் வேலை அவர்களுக்கு எளிதாகியிருக்கிறது. நூலகத்தில் வாசகரின் நேரம் வீணாகலாகாது என்பதை ஒரு விதியாகவே 1931இல் வகுத்துரைத்தவர் சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். இக்காலத்தில் அவ்விதிக்குக் கணிப்பொறியும் துணை நிற்கிறது. இந்தியப் பல்கலைக் கழகங்களின் ஆய்வேடுகளைச் 'சோத்கங்கா' என்னும் இணையக் களஞ்சியத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம். பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகமும், சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. படித்தவற்றின் குறிப்புகளைத் தொகுத்து, அடிக்குறிப்பாக அமைத்துத் தர 'ஸொட்டேரோ' போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன.

எனினும், கருவி செய்யாத வேலை ஒன்று உண்டு. தவறான ஆண்டை நாம் கொடுத்தால், அத்தவற்றையே அது அழகாக அடுக்கித் தரும். நூல் கையில் இருக்கும்போதே ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, ஊர், ஆண்டு, பக்கம் ஆகிய ஆறையும் மாணவர் குறித்துக்கொள்ள வேண்டும். பிறர் எடுத்துக் காட்டிய வரியை இயன்றவரை மூலத்தில் சென்று பார்க்க வேண்டும். இயலாதபோது, இன்னார் நூலின் வழியாகவே இதனை அறிந்தோம் என்று ஒளியாமல் சொல்லிவிட வேண்டும். பழந்தமிழ் இலக்கணத்தார் 'என்ப' என்றும் 'என்மனார்' என்றும் கூறி முன்னோர்க்கு உரியதை முன்னோர்க்கே அளித்தனர். அந்த நேர்மையோடு நூலின் முகவரியையும் சேர்ப்பதே இக்கால ஆராய்ச்சியின் முறை.

தமிழகத்திற்கு வெளியே வாழும் நமக்கு இதில் தனிப் பொறுப்பும் இருக்கிறது. தமிழ் நூலொன்றை வேற்றுமொழி ஆய்வேட்டில் எடுத்தாளும் மாணவர், அந்நூலைத் தமிழறியாத ஒருவருக்கு முதன்முதலாக அறிமுகம் செய்பவராகவும் இருக்கக்கூடும். அவர் தரும் குறிப்பு செவ்வையாக இருந்தால், அதைப் பற்றிக்கொண்டு இன்னொருவர் அந்நூலைத் தேடி வருவார். பிழையாக இருந்தால், அவருக்கு அந்நூல் இல்லாததற்குச் சமமே. அரபு நூல்களைத் தேடுவோரை ஓர் அடிக்குறிப்பு இந்த ஹைதராபாத்துக்கு அழைத்து வருகிறது. இங்கிருந்து நம் பிள்ளைகள் எழுதும் அடிக்குறிப்பும் அவ்வாறே பிறரைத் தமிழ் நூல்களிடம் அழைத்துச் செல்லட்டும்.